சான்று ஆறு: மண், நாற்பது கிலோ

கூடலூர் நீதிமன்றத்தில் ஜூன் மாதம்
காகிதங்கள் காய்வதில்லை.
குற்றப்பத்திரிகையின் ஒரு பக்கத்தைப் புரட்டினால்
ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் வருகிறது,
கல்லில் சரியாக வேகாத தோசை மாதிரி.

மொழிபெயர்ப்பாளன் நான்.
ஆய்வுக்கூட அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது;
குற்றம் சாட்டப்பட்டவருக்கு அவர் மொழியில் படித்துக் காட்ட வேண்டும்.
தேவாலாவில் கைவிட்ட சுரங்கமொன்றின் வாயில்
அதிகாலை நாலரைக்கு
தலையில் மூட்டையோடு பிடிபட்டவர்.
பெயர் புஸ்பலீலா. வயது நாற்பத்து நான்கு.
தேயிலைத் தோட்டத் தற்காலிகத் தொழிலாளி.
மூட்டையில் இருந்தது,
அறிக்கையின் சொல்லில், ஆரிஃபெரஸ் மண்.

அங்கே தடுக்கி நின்றேன்.

வக்கீல்கள் அறையில் ஓர் அகராதி உண்டு.
பின்பாதியைக் கரையான் தின்றுவிட்டது.
நல்லவேளை, என் சொல் முதல் எழுத்திலேயே இருந்தது.
ஔரும் என்றால் பொன். லத்தீன்.
விடியலைச் சொன்ன பழைய வேர் ஒன்றின் கிளையாக இருக்கலாம்
என்று தயங்கித் தயங்கி ஒரு குறிப்பு.
ஃபெர்ரே என்றால் சுமத்தல்.
அதன் ஒன்றுவிட்ட சொந்தம் ஒன்று
வடமொழி வழியாக எப்போதோ நம் பக்கம் வந்து
பாரம் என்று பேர் வைத்துக்கொண்டு
கொழுந்து நிறுக்கும் தராசில்
தினமும் மூன்று வேளை தொங்குகிறது.

ஆக, விடியலின் பாரம்.
நாலரை மணிக்குப் பிடிபட்டது பொருத்தம்தான் என்று நினைத்தேன்.
நினைத்ததற்காக வெட்கப்பட்டேன்.

ஆங்கிலப் பெயரடைக்குக் காலம் கிடையாது.
பெயருக்கு முன்னால் கைகட்டி நிற்கும், அவ்வளவுதான்.
தமிழ் அப்படி விடாது, எப்போது என்று கேட்கும்.
பொன் சுமந்த மண் என்றால்
இப்போது இல்லை; வழக்கு நிற்காது.
சுமக்கிற மண் என்றால் கையும் களவும்.
சுமக்கும் மண் என்றால்
இன்றைக்கா, இனிமேலா, என்றைக்குமா?
இந்த ஒரு 'உம்'மை நம்பித்தான்
வெள்ளைக்காரக் கம்பெனிகள் பந்தலூர் வரை பாதை வெட்டி
லண்டனில் பங்கு விற்று
மலையைக் குடைந்துவிட்டுக் கடனோடு கப்பலேறின.
பெயரெச்சம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தது.
எச்சம் என்றால் மிச்சம்.
காக்கை நம் தோளில் போட்டுவிட்டுப் போவதும் அதுதான்.

டன்னுக்கு ஏழு கிராம் என்றது அறிக்கை.
நாற்பது கிலோவுக்கு ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போட்டேன்.
கால் கிராமுக்குக் கொஞ்சம் மேலே.
மூக்குத்தி வராது. திருகாணி வரலாம்.

எழுந்து நின்று வாசித்தேன்:
"உம்மிடமிருந்து கைப்பற்றப்பட்டது
பொன் சுமக்கும் மண்."

புஸ்பலீலா என்னைப் பார்த்தார்.
"மண்ணு எங்கங்க சுமந்துச்சு?
நான்ல சுமந்தேன்."

பெஞ்ச் கிளார்க் சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்.
நடுவர் பேனாவை எடுத்தார், வைத்தார்.
அந்த வாக்கியம் பதிவாகவில்லை.
ஏன் போனாய் என்ற கேள்விக்கு வந்த பதில் பதிவாகியிருக்கிறது:
மழையில் கொழுந்து குறைந்தால் அரைப் பேர்தான் போடுவார்கள்,
அந்த வாரம் ஆறு நாளும் அரைப் பேர்.
அரைப் பேர் என்றால் அரைநாள் கூலி
என்று அடைப்புக்குறிக்குள் நான் எழுதினேன்.
பாதிப் பெயரோடு ஒரு ஆள் வீட்டுக்குப் போவது
அந்த அடைப்புக்குள் அடங்கவில்லை.

அபராதம் ஆயிரம். கட்டினார்,
பத்தும் இருபதுமாக, ஈரமாக.
மண் அரசுடைமை.

படியிறங்கியவர் திரும்பி வந்து
பொருளறை ஜன்னலில் நின்றார்.
"மண்ண நீங்களே வச்சுக்கங்க.
சாக்க மட்டும் குடுத்துருங்க."

சாக்கு எந்த நாட்டுச் சொல் என்று
அன்று மாலை அகராதியில் பார்க்கப் போனேன்.
அந்தப் பக்கங்கள் கரையானுக்குள் இருந்தன.